தலைக்கு எவ்வளவு? இனக்கூட்டத்தின் தலா வளர்ச்சியையும் அடுக்குக்குறி வளர்ச்சியையும் படிப்படியாகப் போட்டுப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

இந்தக் கணக்கில் தடுமாறுகிறவர்களில் பெரும்பாலானோர் கணிதத்தில் பலவீனமானவர்கள் இல்லை. சமன்பாட்டைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். "வளர்ச்சி வீதம் மாறவே இல்லை என்கிறாய், அப்புறம் எப்படி வளைகோடு போகப்போகச் செங்குத்தாக ஏறுகிறது?" என்று கேட்டால்தான் அப்படியே நின்றுவிடுவார்கள். நானும் ஒரு காலத்தில் அங்கே நின்றவன்தான். காரணம், படிகளின் வரிசை. எல்லோரும் சமன்பாட்டில் தொடங்குகிறார்கள். அது கடைசியில் வர வேண்டியது. முதலில் எண்ணுவது, அடுத்துத் தலைக்கு வகுப்பது, பிறகு கையால் நாலைந்து ஆண்டுகளை ஓட்டிப் பார்ப்பது, அதற்கப்புறம்தான் சமன்பாடு.

பாடநூல்களில் தனிநபர் வளர்ச்சி வீதம் என்றும் இருக்கும், தலா வளர்ச்சி வீதம் என்றும் இருக்கும். நான் 'தலா' என்றே எழுதுகிறேன், தலா வருமானம் என்று கேட்டுப் பழகிய சொல் என்பதால். கணக்கில் வரும் குறியீடுகளை ஆர், லாம்டா, ஈ என்று ஒலிப்படியே எழுதியிருக்கிறேன்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

மடக்கை போடும் வசதியுள்ள கணிப்பான் ஒன்று, கட்டம் போட்ட தாள் அல்லது எக்ஸெல் மாதிரி ஏதாவது ஒன்று, ஒரே இனக்கூட்டத்தை இரண்டு வெவ்வேறு காலங்களில் எண்ணிய தரவு. இவ்வளவு போதும். வகைநுண்கணிதம் தெரியாவிட்டாலும் இந்த வழிகாட்டியின் கடைசி வரை வந்துவிடலாம்.

மடக்கை பற்றி ஒன்றே ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: அது பெருக்கலைக் கூட்டலாக மாற்றித் தரும். அது ஏன் நமக்கு வேண்டும் என்பது 9-ஆம் படியில் தெரியும்.

கணிப்பானில் இரண்டு மடக்கைப் பொத்தான்கள் இருக்கும், 'லாக்', 'எல்என்' என்று. லாக் என்பது 10-ஐ அடியாகக் கொண்டது. நமக்கு வேண்டியது எல்என், அதாவது 2.718 என்ற எண்ணை (இதற்குப் பெயர்தான் ஈ) அடியாகக் கொண்ட இயல் மடக்கை. தவறுதலாக லாக் அழுத்தினால் விடை சரியாக 2.303 மடங்கு குறைந்து வரும். உங்கள் விடை புத்தக விடையைவிடச் சின்னதாக இருந்தால் முதலில் 2.303-ஆல் பெருக்கிப் பாருங்கள். பத்தில் மூன்று நேரம் குற்றவாளி அந்தப் பொத்தான்தான்.

2. எல்லையையும் கால அலகையும் முதல் வரியிலேயே எழுதுங்கள்

எது உங்கள் இனக்கூட்டம்? ஒரே இனத்தைச் சேர்ந்த, ஒரே இடத்தில், ஒரே காலத்தில் வாழும் உயிர்கள். குளத்துத் தவளைகள் என்றால் கரையில் இருப்பவையும் சேருமா, தலைப்பிரட்டைகளும் சேருமா, முதிர்ந்தவை மட்டுமா? முதல் ஆண்டு முதிர்ந்தவற்றை மட்டும் எண்ணிவிட்டு அடுத்த ஆண்டு தலைப்பிரட்டைகளையும் சேர்த்தால் 'வளர்ச்சி' பிரமாதமாக இருக்கும், ஆனால் குளத்தில் எதுவும் வளர்ந்திருக்காது.

கால அலகும் அப்படித்தான். 'வீதம் 0.2' என்று மட்டும் எழுதினால் அதற்குப் பொருளே இல்லை. ஆண்டுக்கு 0.2-வா, நாளுக்கு 0.2-வா? யானைக்கு ஆண்டு பொருந்தும், பாக்டீரியாவுக்கு நிமிடமோ மணியோ பொருந்தும். தாளின் முதல் வரியில் 'அலகு: ஆண்டு' என்று எழுதிவிட்டுத்தான் மற்றது. சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும், ஆனால் நான் திருத்திக் கொடுத்த தாள்களில் பாதிப் பிழை இந்த ஒரு வரி இல்லாததால் வந்ததுதான்.

3. நான்கு எண்களை எடுங்கள்

ஓர் இனக்கூட்டத்தின் எண்ணிக்கை நான்கே வழிகளில்தான் மாறும்: பிறப்பு, இறப்பு, உள்ளே வருவது, வெளியே போவது. பிறப்பும் வருகையும் கூட்டும், மற்ற இரண்டும் கழிக்கும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம், கடைசி வரை இதையே இழுத்துக்கொண்டு போகலாம். கடலால் சூழப்பட்ட ஒரு தீவில் 400 முயல்கள். ஓராண்டில் 180 குட்டிகள் பிறக்கின்றன, 100 முயல்கள் இறக்கின்றன. தீவு என்பதால் வருகையும் இல்லை, வெளியேற்றமும் இல்லை. நிகர மாற்றம் 80.

தீவை வேண்டுமென்றேதான் எடுத்தேன். வருகை இருந்தால் ஒரு சிக்கல் வரும். பிறப்பு என்பது ஏற்கெனவே இருப்பவை பெற்றெடுப்பது, அதனால் கூட்டம் இரண்டு மடங்கானால் பிறப்பும் இரண்டு மடங்காகும். வெளியிலிருந்து வருபவை அப்படி இல்லை. ஓர் ஏரியில் ஆண்டுதோறும் யாரோ 20 மீன்களைக் கொண்டுவந்து விடுகிறார்கள் என்றால், ஏரியில் 100 மீன் இருந்தாலும் 10,000 இருந்தாலும் அந்த 20 அப்படியேதான் இருக்கும். அது மட்டும் தருவது நேர்கோட்டு வளர்ச்சி. தொடக்கத்தில் வருகையைச் சுழியமாக வைத்துப் பழகுங்கள், பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

4. தலைக்கு வகுங்கள்

எல்லாம் அடங்கியிருப்பது இங்கேதான், அவசரப்பட வேண்டாம்.

180 பிறப்பை 400-ஆல் வகுத்தால் 0.45. இது தலா பிறப்பு வீதம். 100 இறப்பை 400-ஆல் வகுத்தால் 0.25. இது தலா இறப்பு வீதம். கழித்தால் 0.20. அதாவது, ஓராண்டில் ஒரு முயல் தன் பங்காகக் கூட்டத்துக்குச் சேர்த்தது 0.20 முயல்.

"0.20 முயலா? அது எப்படிப் பிறக்கும்?" என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருந்ததில்லை. எந்த முயலும் ஐந்தில் ஒரு பங்கு முயலைப் பெறவில்லை. சில பெண் முயல்கள் ஆறேழு குட்டி போட்டிருக்கும், ஆண்கள் ஒன்றும் போட்டிருக்காது, சில செத்துப்போயிருக்கும். எல்லாவற்றையும் சேர்த்து 400 தலைக்கும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு வருவது அந்த 0.20. சராசரி என்ற அளவில்தான் அதற்கு உயிர்.

வகுப்பது எதற்கு? பக்கத்துத் தீவில் 2,000 முயல்கள், அங்கே 400 பிறப்பு, 240 இறப்பு, நிகரமாக 160 கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தீவு நன்றாக இருக்கிறது? 160-ஐயும் 80-ஐயும் மட்டும் பார்த்தால் இரண்டாவது தீவு இரண்டு மடங்கு வேகம். தலைக்கு வகுத்தால் இரண்டாவது தீவில் 0.08, முதல் தீவில் 0.20. ஒரு முயலாகப் பிறப்பதென்றால் முதல் தீவில்தான் பிறக்க வேண்டும். இரண்டாவது தீவின் 160 முழுக்கக் கூட்டத்தின் அளவு தந்த எண், முயல்களின் நிலைமை தந்த எண் இல்லை.

மனிதர்களிடமும் இதே கதை. உலக மக்கள்தொகை 1960-களின் தொடக்கத்தில் 300 கோடியைத் தாண்டியிருந்தது, ஆண்டு வளர்ச்சி 2 சதவீதத்துக்கு மேல். 2022-இல் 800 கோடியைத் தொட்டபோது வளர்ச்சி 1 சதவீதத்துக்கும் கீழ். ஆனால் ஆண்டுதோறும் கூடும் தலைகளின் எண்ணிக்கை இரண்டு காலத்திலும் ஏறக்குறைய ஏழு கோடி. தலா வீதம் பாதிக்கும் கீழே விழுந்தும் மொத்தக் கூடுதல் குறையாமல் நிற்கிறது, வகுக்கும் எண் பெரிதாகிவிட்டதால். இரண்டும் வேறு வேறு எண்கள் என்பது இதைவிடத் தெளிவாக வேறெங்கும் தெரியாது.

இந்தப் படியில் வரும் பிழைகள் மூன்று. ஒன்று, பிறப்பைப் பெண்களின் எண்ணிக்கையாலும் இறப்பை மொத்த எண்ணிக்கையாலும் வகுத்துவிட்டுக் கழிப்பது. இரண்டுக்கும் ஒரே வகு எண் இருக்க வேண்டும், பெண்களை மட்டும் எண்ணுவதென்றால் பிறக்கும் குட்டிகளிலும் பெண்களை மட்டுமே எடுக்க வேண்டும். இரண்டு, ஆண்டு முடிவில் இருக்கும் 480-ஆல் வகுப்பது. ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த 400-ஆல்தான் வகுக்க வேண்டும், ஏனென்றால் அந்த 400 என்ன செய்தன என்பதுதான் கேள்வி. மூன்று, 20 சதவீதம் என்பதை 20 என்றே கணக்கில் போடுவது. சிரிக்காதீர்கள், தேர்வு நேரத்தில் எல்லோரும் போடுவார்கள்.

5. ஐந்து ஆண்டுகளைக் கையால் ஓட்டுங்கள்

சமன்பாட்டைப் பார்க்கும் முன் இதைச் செய்தே ஆக வேண்டும். தலா வீதம் 0.20 மாறவே மாறாது என்று வைத்துக்கொண்டு ஒவ்வோர் ஆண்டாகப் போடுங்கள்.

தொடக்கம் 400. அதில் 0.20 பங்கு 80, ஆக 480.
480-இல் 0.20 பங்கு 96, ஆக 576.
576-இல் 115.2, ஆக 691.2.
691.2-இல் 138.2, ஆக 829.4.
829.4-இல் 165.9, ஆக 995.3.

இப்போது நடு எண்களை மட்டும் பாருங்கள்: 80, 96, 115, 138, 166. ஆண்டுக்கு ஆண்டு கூடுதல் ஏறிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு முயலும் முதல் ஆண்டு செய்ததைவிட ஒரு துளிகூட அதிகமாகச் செய்யவில்லை, செய்பவர்கள்தான் அதிகமாகிவிட்டார்கள். நான் தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு விடை இதுதான். தலா வீதம் மாறாமல் இருப்பதுதான் அடுக்குக்குறி வளர்ச்சி, வளைகோடு செங்குத்தாக ஏறுவது அதன் விளைவு. "அடுக்குக்குறி வளர்ச்சி என்றால் வளர்ச்சி வீதம் ஏறிக்கொண்டே போவது" என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும், எந்த வீதம் என்று சொல்லாததால்.

691.2 முயலில் அந்த 0.2-ஐ வெட்டிவிடக் கை துறுதுறுக்கும். வெட்டாதீர்கள். இடையில் முழுமையாக்கினால் பிழையும் சேர்ந்தே வளரும். கடைசி விடையில் மட்டும் முழுமையாக்குங்கள்.

இந்த ஓட்டத்தில் ஒவ்வோர் ஆண்டும் 1.20-ஆல் பெருக்கியிருக்கிறோம். அந்தப் பெருக்கு எண்ணுக்குப் பெயர் லாம்டா. லாம்டா 1-ஐவிடப் பெரிதென்றால் கூட்டம் வளரும், 1 என்றால் நிற்கும், 1-ஐவிடச் சிறிதென்றால் தேயும். 20 ஆண்டு கழித்து எத்தனை? 400 × 1.20-இன் 20-ஆம் அடுக்கு, 15,335.

6. லாம்டாவிலிருந்து ஆருக்குப் போங்கள்

பலரும் வழுக்கி விழும் படி இது. எத்தனை தடவை சொன்னாலும் விழுவார்கள்.

லாம்டா என்பது தாவித் தாவிப் போகும் கணக்கு: ஆண்டுக்கு ஒருமுறை எண்ணுகிறோம், நடுவில் என்ன நடந்தது என்று பார்ப்பதில்லை. ஆண்டுக்கு ஒரே பருவத்தில் குட்டி போடும் உயிர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். ஆனால் பாக்டீரியா போலவோ மனிதர்கள் போலவோ எந்நேரமும் பிறப்பும் இறப்பும் நடந்துகொண்டே இருந்தால், நொடிக்கு நொடி கணக்குப் போக வேண்டும். அந்தத் தொடர் கணக்கின் தலா வீதம்தான் ஆர்.

இரண்டுக்கும் உள்ள தொடர்பு: ஆர் = எல்என்(லாம்டா). நம் முயலுக்கு எல்என்(1.20) = 0.1823.

0.20 எங்கே போனது? இரண்டும் ஒரே வளர்ச்சியைத்தான் சொல்கின்றன. தொடர் கணக்கில் மார்ச்சில் சேர்ந்ததும் ஏப்ரலில் தன் பங்கைச் சேர்க்கத் தொடங்கிவிடும், வட்டிக்கு வட்டி போல. அதனால் ஆண்டு முடிவில் அதே 480-ஐத் தொட அதற்குக் கொஞ்சம் குறைந்த வீதமே போதும்.

"0.18-க்கும் 0.20-க்கும் என்ன பெரிய வித்தியாசம்" என்று விட்டுவிட்டால் என்ன ஆகும் பாருங்கள். அடுத்த படியில் வரப்போகும் தொடர் சமன்பாட்டில் ஆர் என்று 0.20-ஐப் போட்டு 20 ஆண்டுக்கு ஓட்டினால் 21,839 வரும். சரியான விடை 15,335. ஆறாயிரத்துச் சொச்சம் முயல்கள் காற்றிலிருந்து பிறந்துவிட்டன.

வீதம் மிகச் சிறியதாக, 0.01 போல இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், எல்என்(1.01) = 0.00995. மனித மக்கள்தொகைக் கணக்கில் யாரும் இதைப் பற்றிக் கவலைப்படாததற்கு அதுதான் காரணம். முயலுக்கும் பூச்சிக்கும் பாக்டீரியாவுக்கும் கவலைப்பட்டே ஆக வேண்டும்.

குறியையும் கவனியுங்கள். கூட்டம் தேயும்போது லாம்டா 0.9 என்று நேர்மமாகவேதான் இருக்கும், ஆர்தான் எதிர்மமாகும். 'லாம்டா = மைனஸ் 0.1' என்று யாராவது எழுதியிருந்தால் அவர் இரண்டையும் குழப்பிக்கொண்டுவிட்டார்.

7. இப்போது சமன்பாடு

இரண்டு வடிவம் இருக்கிறது.

முதலாவது வேகத்தைச் சொல்வது: கூட்டம் மாறும் வேகம் = ஆர் × இப்போதைய எண்ணிக்கை. 4-ஆம் படியில் வகுத்ததை இங்கே திரும்பப் பெருக்குகிறோம், வேறொன்றும் இல்லை. இரண்டு பக்கத்தையும் எண்ணிக்கையால் வகுத்தால் வலப்பக்கம் ஆர் மட்டும் மிஞ்சும். தலா வளர்ச்சி மாறிலி என்பதைச் சமன்பாடே சொல்லிவிடுகிறது.

இரண்டாவது எதிர்கால எண்ணிக்கையைச் சொல்வது: பின்வரும் எண்ணிக்கை = தொடக்க எண்ணிக்கை × ஈ-யின் (ஆர் × காலம்) அடுக்கு. முயலுக்கு 10 ஆண்டு போட்டுப் பாருங்கள்: 0.1823 × 10 = 1.823, ஈ-யின் 1.823-ஆம் அடுக்கு 6.19, அதை 400-ஆல் பெருக்கினால் 2,476. லாம்டா வழியிலும் 2,477-தான் வரும். அந்த ஒன்றின் வித்தியாசம் ஆரை நான்கு இலக்கத்தில் வெட்டியதால் வந்தது. இரண்டு வழியிலும் போட்டு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள், பாதிப் பிழை அங்கேயே மாட்டும்.

எந்தச் சமன்பாடு எந்தக் கேள்விக்கு என்பதில் ஒரு குழப்பம் வரும். "இந்த ஆண்டு எவ்வளவு வேகமாக வளர்கிறது" என்றால் முதலாவது. "இத்தனை ஆண்டு கழித்து எத்தனை இருக்கும்" என்றால் இரண்டாவது. முதலாவதை எடுத்து 20 ஆண்டால் பெருக்கிவிடுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் நேர்கோட்டு வளர்ச்சிதான் வரும்.

இரட்டிப்புக் காலத்துக்கு 0.693-ஐ, அதாவது எல்என்(2)-ஐ, ஆரால் வகுத்தால் போதும். முயலுக்கு 3.8 ஆண்டு. 5-ஆம் படிப் பட்டியலைத் திரும்பப் பாருங்கள், மூன்றாம் ஆண்டில் 691, நான்காம் ஆண்டில் 829. 800 இரண்டுக்கும் நடுவில் வருகிறது, சரி. கூட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இரட்டிப்புக்கு அதே 3.8 ஆண்டுதான். 400 முயல் 800 ஆகவும் அவ்வளவு, 40,000 முயல் 80,000 ஆகவும் அவ்வளவு.

8. அலகை மாற்றும்போது எதை வகுக்கலாம், எதை வகுக்கக் கூடாது

ஆரைத் தாராளமாக வகுக்கலாம். ஆண்டுக்கு 0.1823 என்றால் மாதத்துக்கு 0.1823-ஐ 12-ஆல் வகுத்தது, 0.0152. லாம்டாவை வகுக்கக் கூடாது, அதற்கு 12-ஆம் மூலம் எடுக்க வேண்டும்: 1.0153. '20 சதவீதம், ஆகவே மாதத்துக்கு 1.667 சதவீதம்' என்று போட்டால் 12 மாத முடிவில் 1.20-க்குப் பதில் 1.219 வந்து நிற்கும்.

அதனால்தான் வெவ்வேறு உயிர்களை ஒப்பிடும்போது ஆர் வசதி. ஈ.கோலை பாக்டீரியா நல்ல ஊட்டமும் சூடும் கிடைத்தால் ஏறக்குறைய 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். நிமிடத்துக்கு ஆர் = 0.693 ÷ 20 = 0.0347. மணிக்கு 2.08. மணிக்கு லாம்டா 8, மூன்று தடவை இரட்டிப்பு, சரிதான். ஒரே ஒரு செல்லை இந்த வேகத்தில் 24 மணி நேரம் ஓடவிட்டால் 72 இரட்டிப்பு. ஒரு செல்லின் எடை சுமாராக ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு, அப்படியும் மொத்த எடை 4,700 டன் வரும். இரண்டாவது நாளைக் கணக்குப் போட வேண்டாம்.

9. உண்மைத் தரவில் மடக்கை எடுத்துச் சோதியுங்கள்

இதுவரை வளர்ச்சி அடுக்குக்குறி என்று நாமாக வைத்துக்கொண்டோம். உண்மையான கூட்டம் அப்படித்தான் வளர்ந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வளைகோடு மேல்நோக்கி வளைகிறது என்பது மட்டும் போதாது, வளைகிற எல்லாம் அடுக்குக்குறி இல்லை. ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் எல்என் எடுத்துக் காலத்துக்கு எதிராகக் குறியுங்கள். அடுக்குக்குறி என்றால் ஒவ்வோர் ஆண்டும் ஒரே எண்ணால் பெருக்குகிறோம், மடக்கையில் அது ஒரே எண்ணைக் கூட்டுவதாகிவிடும், ஆக நேர்கோடு வரும். அந்தக் கோட்டின் சாய்வுதான் ஆர்.

அலாஸ்காவுக்கு மேற்கே பெரிங் கடலில் உள்ள செயின்ட் மாத்யூ தீவை எடுத்துக்கொள்வோம். 1944-இல் அங்கே 29 துருவ மான்களைக் கொண்டுபோய் விட்டார்கள். ஓநாய் இல்லை, வேறு வேட்டை விலங்கு இல்லை, தரையெங்கும் யாரும் மேயாத லைக்கன் (பாசி போலப் படரும் உயிரி, மான்களுக்குத் தீவனம்). 1957-இல் டேவிட் க்ளைன் என்ற உயிரியலாளர் போய் எண்ணியபோது 1,350. 1963-இல் திரும்பப் போனபோது 6,000.

எல்என் எடுங்கள். 29-க்கு 3.367, 1,350-க்கு 7.208, 6,000-க்கு 8.700.

முதல் 13 ஆண்டில் சாய்வு: (7.208 − 3.367) ÷ 13 = 0.295.
அடுத்த 6 ஆண்டில் சாய்வு: (8.700 − 7.208) ÷ 6 = 0.249.

இப்போது மொத்தக் கூடுதலைப் பாருங்கள். முதல் கட்டத்தில் ஆண்டுக்குச் சராசரி 102 மான்கள் கூடின, இரண்டாவது கட்டத்தில் 775. மொத்தத்தை மட்டும் பார்க்கிறவர் 1963-இல் "ஏழு மடங்குக்கு மேல் வேகமாகப் பெருகுகிறது, ஆகா!" என்றிருப்பார். தலைக்கு வகுத்துப் பார்த்தவருக்கு ஒவ்வொரு மானின் பங்கும் குறையத் தொடங்கிவிட்டது தெரிந்திருக்கும். தீவிலும் அறிகுறி இருந்தது: 1963-இல் மான்களின் உடல் எடை 1957-ஐவிடக் குறைந்திருந்தது, கூட்டத்தில் குட்டிகளின் பங்கும் குறைந்திருந்தது, குளிர்காலத் தீவனமான லைக்கன் மேய்ந்து தேய்ந்திருந்தது. 1963-64 குளிர்காலம் கடுமையாக வந்தது. 1966-இல் போய்ப் பார்த்தபோது மிஞ்சியவை 42.

இந்தச் சோதனையில் பலரும் செய்யும் பிழை, முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் மட்டும் எடுத்து ஒரே ஆர் கண்டுபிடிப்பது. 29-இலிருந்து 6,000-க்கு 19 ஆண்டு, ஆர் 0.281. கணக்கில் தப்பே இல்லை, ஆனால் நடுவில் நடந்த முக்கியமான மாற்றத்தை அது மூடி மறைத்துவிட்டது. இரண்டு புள்ளி இருந்தால் எதற்கும் நேர்கோடு போடலாம். நேர்கோடா இல்லையா என்று சொல்லக் குறைந்தது மூன்று புள்ளியாவது வேண்டும், நியாயமாக ஐந்தாறு.

எண்ணும் முயற்சி மாறியிருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு இரண்டு பேர் நடந்து எண்ணினார்கள், மூன்றாம் ஆண்டு விமானத்தில் பறந்து எண்ணினார்கள் என்றால் சாய்வில் பாதி விமானத்துடையதாக இருக்கலாம்.

10. நல்ல ஆண்டும் கெட்ட ஆண்டும் கலந்து வந்தால்

சுருக்கமாக முடிக்கிறேன். லாம்டாக்களைக் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். ஓராண்டு 1.5, அடுத்த ஆண்டு 0.6 என்றால் கூட்டல் சராசரி 1.05, கூட்டம் வளர்வது போலத் தோன்றும். 100 உயிரை வைத்து ஓட்டிப் பாருங்கள்: 150 ஆகி, பிறகு 90. தேய்ந்துவிட்டது. பெருக்கி வருவதற்குப் பெருக்கல் சராசரிதான்: 1.5 × 0.6 = 0.9, அதன் வர்க்கமூலம் 0.949. அல்லது ஆராக மாற்றிக்கொண்டு சாதாரணச் சராசரி எடுக்கலாம், அதே விடை வரும். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும், மூலம் எடுக்கும் பொத்தானைத் தேட வேண்டியதில்லை.

11. எங்கே நிறுத்துவது

அடுக்குக்குறிச் சமன்பாடு தானாக நிற்காது, நாம்தான் நிறுத்த வேண்டும். செயின்ட் மாத்யூவின் முதல் கட்ட வீதத்தை 1963-இலிருந்து இன்னும் 10 ஆண்டுக்கு ஓட்டினால் 1,15,000 மான்கள் வரும், 400 சதுர கிலோமீட்டர்கூட இல்லாத தீவில். கணிப்பான் மறுப்பே சொல்லாது.

நிறுத்த வேண்டிய இடத்தைக் காட்ட ஒரு வரைபடம் இருக்கிறது, பலர் இதைப் போடுவதே இல்லை. கிடை அச்சில் கூட்டத்தின் எண்ணிக்கை, செங்குத்து அச்சில் தலா வீதம். காலம் இதில் வராது. அடுக்குக்குறி வளர்ச்சியில் இது படுத்துக்கிடக்கும் கிடைக்கோடு, கூட்டம் எவ்வளவு பெருத்தாலும் தலைக்கு அதே வீதம். நெரிசல் கடிக்கத் தொடங்கினால் கோடு கீழே சாயும். சுழியத்தைத் தொடும் இடத்தில் பிறப்பும் இறப்பும் சமம், அந்த எண்ணிக்கைதான் சூழலின் தாங்குதிறன். கோடு நேராகச் சாய்ந்தால் அது லாஜிஸ்டிக் வளர்ச்சி, காலத்துக்கு எதிராகப் போட்டால் எஸ் வடிவத்தில் வருமே, அது. மான்கள் அந்த எஸ்ஸில்கூட நிற்கவில்லை என்பது வேறு விஷயம். உணவைத் தின்று தீர்த்துவிட்டால் தாங்குதிறனே கீழே போய்விடும்.

சிறிய கூட்டத்திலும் நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்றே மூன்று உயிர் இருக்கும்போது 'தலா 0.2' என்று சொல்வதில் அர்த்தமில்லை. மூன்றும் ஆணாக இருந்துவிட்டால் கதை முடிந்தது.

12. கையைப் பழக்க மூன்று கணக்கு

முதல் கணக்கு. 250 பறவைகள், ஆண்டில் 90 பிறப்பு, 115 இறப்பு, இடப்பெயர்ச்சி இல்லை. பாதியாகத் தேய எத்தனை ஆண்டு? தலா பிறப்பு 0.36, தலா இறப்பு 0.46, ஆக லாம்டா 0.90, ஆர் மைனஸ் 0.1054. 0.693-ஐ 0.1054-ஆல் வகுத்தால் 6.6 ஆண்டு. 6.9 வந்திருந்தால் 6-ஆம் படியைத் தாண்டிக் குதித்து 0.10-ஐயே ஆர் என்று எடுத்திருக்கிறீர்கள்.

இரண்டாவது கணக்கு. அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கும் பாக்டீரியா, 1,000-இலிருந்து 10 லட்சமாக எவ்வளவு நேரம்? மணிக்கு ஆர் = 0.693 ÷ 0.5 = 1.386. ஆயிரம் மடங்கு வளர வேண்டும், எல்என்(1000) = 6.908. வகுத்தால் 4.98 மணி. மனக்கணக்கிலும் சரிபார்க்கலாம்: பத்து இரட்டிப்பு என்றால் 1,024 மடங்கு, பத்து அரை மணி என்றால் ஐந்து மணி. 2.16 மணி என்று வந்தால்? லாக் பொத்தானை அழுத்தியிருக்கிறீர்கள்.

மூன்றாவது கணக்கில் எழுத வேண்டியது ஒன்றும் இல்லை. ஒரு கூட்டம் நான்கு ஆண்டில் 100, 150, 200, 250 என்று வளர்கிறது. ஒழுங்காக ஆண்டுக்கு 50. தலா வீதத்துக்கு என்ன ஆகிறது? முதல் ஆண்டு 0.50, பிறகு 0.33, பிறகு 0.25. "மாறாத வளர்ச்சி" என்று உடனே சொல்லத் தோன்றியிருந்தால் 4-ஆம் படிக்குத் திரும்பிப் போங்கள்.